கண்ணாடிச் சீட்டும் காண்டாக்ட் லென்ஸும்

"கண்ணைப் பார்த்தாகிவிட்டது" என்று நம்மவர்கள் சொல்லுகிறார்களே, அந்த வாக்கியத்தின் மேல் எனக்கு வெகு நாட்களாக ஒரு கோபம் உண்டு. சுவரில் தொங்கும் எழுத்துக்களை வாசித்துக் காட்டியதும் கண்ணைப் பார்த்ததுதான். புரை விழுந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்ததும் கண்ணைப் பார்த்ததுதான். சர்க்கரை வியாதிக்காரருக்குச் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைச் சோதித்ததும் கண்ணைப் பார்த்ததுதான். இத்தனை காரியங்களையும் ஒரே சொல்லுக்குள் போட்டு மூட்டை கட்டிவிட்ட பிறகு, அந்த மூட்டையைக் காட்டி எந்தக் கடையிலும் எந்தச் சரக்கையும் வாங்கிவிடலாம் என்ற தைரியம் வந்துவிடுகிறது. அந்தத் தைரியத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். மூக்குக் கண்ணாடிக்குச் செய்கிற பரிசோதனை வேறு. காண்டாக்ட் லென்ஸுக்குச் செய்யவேண்டிய பரிசோதனை வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை விற்பது அக்கிரமம். அதைப் பல்லிளித்துக்கொண்டு வாங்கி வருகிற நாமும் அந்த அக்கிரமத்தில் பங்காளிகள்.

போன சித்திரையில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண்ணுக்கு மைனஸ் ஆறரைப் பவர். எட்டாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. கண்ணாடியோடுதான் எம்.எஸ்ஸி. படித்தாள், கண்ணாடியோடுதான் உத்தியோகம் பார்க்கிறாள், மாப்பிள்ளைப் பையனும் அவளைக் கண்ணாடியோடுதான் பார்த்துச் சம்மதம் சொன்னான். ஆனால் முகூர்த்தப் புகைப்படத்தில் மட்டும் கண்ணாடி இருக்கக் கூடாதாம்! இந்தச் சட்டத்தை யார் இயற்றினார்கள் என்று நானும் விசாரித்துப் பார்த்தேன், ஒருவரும் பொறுப்பேற்றுக்கொள்ளவில்லை. மணமகன் கண்ணாடி அணிந்திருந்தால் அது படித்த களை. மணமகள் அணிந்திருந்தால் அது குறை. இதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுதித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

"நீங்க கூடப் போயிட்டு வாங்கண்ணே, நாலு விஷயம் கேட்டு வாங்குவீங்க" என்று தங்கை சொன்னதன் பேரில், திண்டுக்கல்லில் ஒரு கண்ணாடிக் கடைக்கு அவளை அழைத்துக்கொண்டு போனேன். கடையின் பெயர் வேண்டாம். இந்த ஒரு கடை மட்டும் பாவம் செய்கிறது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. கல்லாவில் இருந்த இளைஞர் மிகவும் மரியாதையானவர். எங்களுக்கு நாற்காலி போட்டார்; தண்ணீர் கொடுத்தார்.

"கண்ணாடிச் சீட்டு இருக்குதுங்களா பாப்பா? இருந்தாப் போதும். அதே பவர்ல எடுத்துக் கொடுத்துருவேன்" என்றார்.

"வேறு அளவு ஒன்றும் பார்க்க வேண்டாமா தம்பி?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒரே சைஸ்தான் சார். எல்லாருக்கும் செட்டாயிடும்."

திண்டுக்கல்லில் நின்றுகொண்டு ஒரு மனிதர் இப்படிச் சொல்லுகிறார்! 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு இந்த ஊர்ப் பூட்டு. பட்டறையில் உட்கார்ந்து, லீவரை அரத்தால் ராவி, சாவியைப் போட்டுப் பார்த்து, மறுபடியும் ராவி, மறுபடியும் போட்டுப் பார்க்கிற தொழிலாளியிடம் போய், "எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி கொடப்பா" என்று கேட்டால் அவர் என்ன சொல்லுவார்? பெட்டிக்கும் பீரோவுக்கும் இருக்கிற யோக்கியதை விழிக்கு இல்லாமல் போயிற்று.

கண்ணாடிப் பரிசோதனையை நான் குறைத்துப் பேசவில்லை. 1862இல் ஸ்னெல்லன் என்ற டச்சு நாட்டு மருத்துவர் எழுத்துப் பலகையை வகுத்துக் கொடுத்தது முதல், அது மனித குலத்துக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறது. 20 அடி தூரத்தில் எழுத்தைக் காட்டுகிறார்கள். கண்ணுக்குள் ஒளிக்கீற்றை ஆட்டிப் பார்த்துப் பவரை ஊகிக்கிறார்கள். சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒன்றன் பின் ஒன்றாகச் சில்லுகளைச் செருகி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்கிறார்கள். நல்ல இடமாக இருந்தால் கண்ணின் உள் அழுத்தத்தையும் அளந்து, விழித்திரையையும் பார்க்கிறார்கள். ஆக, அந்தப் பரிசோதனைக்கு இரண்டே கேள்விகள். ஒளி போய்ச் சரியான இடத்தில் விழுகிறதா? கண்ணுக்குள் நோய் ஏதும் உண்டா? விடை கிடைத்ததும் சீட்டு எழுதிக் கொடுத்துவிடலாம். ஏனென்றால், கண்ணாடி கண்ணைத் தொடப் போவதில்லை. ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் தள்ளி, மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கப் போகிறது. பவர் பிசகினால் தலை வலிக்கும். கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் அதனால் பெரிய ஆபத்து இல்லை.

லென்ஸின் கதையோ அந்த 12 மில்லிமீட்டரிலேயே மாறிவிடுகிறது. கண்ணாடி தள்ளி இருக்கும் போது ஒரு பவர்; அதையே விழியின் மேல் கொண்டுபோய் ஒட்டும்போது வேறு பவர். மைனஸ் 4க்குக் கீழே இந்த வித்தியாசம் அற்பம். மேலே போகப் போக வளர்ந்துகொண்டே போகும். என் தங்கை மகளின் மைனஸ் ஆறரை, லென்ஸில் ஏறத்தாழ மைனஸ் ஆறு. மைனஸ் 8 என்றால் ஏழே கால். "அதே பவர்ல எடுத்துக் கொடுத்துருவேன்" என்று மரியாதையாகச் சொன்னாரே, அந்த அதே பவரே தப்பு. இது பள்ளிக்கூடத்துக் கணக்குத்தான். ஆனால் கடையில் யாரும் போடவில்லை.

பவராவது காகிதத்தில் திருத்திக்கொள்ளக் கூடியது. அடுத்த விஷயம் காகிதத்தில் கிடையாது. கருவிழியின் முன்பக்கத்தில், கடிகாரத்தின் மேல் கண்ணாடி மூடியிருப்பது போல, ஒளி ஊடுருவும் ஒரு தகடு இருக்கிறது. நடுவில் அரை மில்லிமீட்டர் கனம். அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் நமக்கு உலகம் சிவப்புக் கோடுகளாகத் தெரியும். எனவே அது தன் பிராணவாயுவைக் கண்ணீரின் வழியாகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளுகிறது. அந்தத் தகட்டின் வளைவு ஆளுக்கு ஆள் வேறு. சராசரியாக 7.8 மில்லிமீட்டர் ஆரம் என்று புத்தகம் சொல்லும். ஒருவருக்கு அதைவிடத் தட்டை, இன்னொருவருக்கு அதைவிடக் கூர்மை. கெரட்டோமீட்டர் என்ற கருவியை வைத்து அந்த வளைவை அளக்க வேண்டும். கருவிழியின் அகலத்தையும் அளக்க வேண்டும். பிறகு ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியின் முன் தாடையை வைத்து உட்காரச் செய்து, விழியின் மேற்பரப்பில் கீறல் உண்டா, ஓரங்களில் புது ரத்தக் குழாய்கள் எட்டிப் பார்க்கின்றனவா என்று ஆராய வேண்டும். மேல் இமையைப் புரட்டி உள்பக்கத்தில் பொரிப் பொரியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அப்புறம் கண்ணீர். காவியம் எழுதுகிறவர்கள் கண்ணீரை அளந்ததில்லை. லென்ஸ் வைக்கிறவர்கள் அளந்தே ஆக வேண்டும். ஒரு மஞ்சள் சாயத்தைக் கண்ணில் தொட்டு வைத்து, நீல ஒளியில், இமைக்காமல் இருக்கச் சொல்லி எண்ணுகிறார்கள். பச்சையாக மின்னுகிற கண்ணீர்ப் படலம் எத்தனை வினாடியில் கிழிகிறது என்பது கணக்கு. பத்து வினாடிக்குள் கிழிந்துவிட்டால் யோசிக்க வேண்டிய விஷயம். சிலருக்கு மெல்லிய காகிதத் துண்டைக் கீழ் இமையில் தொங்கவிட்டு ஐந்து நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நனைகிறது என்றும் பார்க்கிறார்கள். இதற்கெல்லாம் முன்பாகவே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: என்ன வேலை பார்க்கிறீர்கள்? வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் பஞ்சுத் தூசிக்கு நடுவே எட்டு மணி நேரம் நிற்கிற பெண்ணும், குளிர்சாதன அறையில் கம்ப்யூட்டரைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்ணும், ஆனி ஆடிக் காற்றில் பழனி சாலையில் ஸ்கூட்டர் ஓட்டுகிற பெண்ணும் ஒன்றா? கண்ணாடிக்கு இந்த மூவரும் ஏறக்குறைய ஒன்றுதான். லென்ஸுக்கு மூன்று வேறு ஜாதகங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வேலை முடியவில்லை. மாதிரி லென்ஸ் ஒன்றைக் கண்ணில் வைத்து, கால் மணி, இருபது நிமிஷம் உட்காரச் சொல்லுகிறார்கள். முதலில் பெருகுகிற கண்ணீர் அடங்க வேண்டும். அதன் பிறகு, இமைக்கும்போது லென்ஸ் லேசாக அசைகிறதா என்று பார்க்கிறார்கள். அசையாவிட்டால் அது இறுக்கம்: அடியில் கண்ணீர் புரளாது, பிராணவாயு எட்டாது. அதிகமாக அசைந்தால் தளர்ச்சி: பார்வை ஆடும். இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. இறுக்கமான லென்ஸ் முதல் நாள் மிகவும் சுகமாக இருக்கும்! அசையாத பொருள் உறுத்துவதில்லை அல்லவா? "போட்டதே தெரியலை மாமா" என்று பெண் சொல்லுவாள், கடைக்காரரும் சந்தோஷப்படுவார். விழி சிவந்து வெளிச்சம் கூசத் தொடங்குவது பிற்பாடு. வாங்குகிறவருடைய சொந்த அனுபவம் பொய் சொல்லுகிற விஷயம் இது. அதனால்தான் மூன்றாம் மனிதர் ஒருவர் கருவியோடு உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து மறுபடியும் வரச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய காலத்தில் இந்த ஏமாற்று நடந்திருக்க முடியாது. 1880களில் கண்ணாடியாலேயே செய்த லென்ஸைக் கண்ணில் வைத்தார்கள். சில மணி நேரம் தாங்குவதே பெரும்பாடு. 1948இல் அமெரிக்காவில் கெவின் டூஹி என்பவர் சிறிய பிளாஸ்டிக் லென்ஸைச் செய்தார். அதுவும் விறைப்பானது. அளவு தப்பினால் கண் உடனே சண்டைக்கு வந்துவிடும். ஆகவே அளக்காமல் விற்க ஒருவருக்கும் துணிவில்லை. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் செக்கோஸ்லோவாகியாவில் ஓட்டோ விக்டெர்லே என்ற ரசாயன அறிஞர், குழந்தைகளின் பொம்மைச் சாமான்களையும் சைக்கிள் டைனமோவையும் இணைத்துத் தம் வீட்டிலேயே ஓர் இயந்திரம் செய்து, தண்ணீர் உறிஞ்சும் மிருதுவான லென்ஸை வார்த்தெடுத்தார். மகத்தான காரியம், அவரை நான் வணங்குகிறேன். ஆனால் அந்த மிருதுத்தன்மையே கண்ணின் வாயை அடைத்துவிட்டது. பொருந்தாத லென்ஸைக்கூடக் கண் சில நாள் பொறுத்துக்கொள்ளும் என்று தெரிந்ததும், அளவுகோலைத் தூக்கிப் பரண் மேல் போட்டுவிட்டார்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நம் வீட்டுப் பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷன். கண்ணின் நீளத்தை அளக்கிறார்கள். இதே கருவிழி வளைவை அளக்கிறார்கள். கணக்குப் போட்டு, அதற்கு ஏற்ற லென்ஸை உள்ளே வைக்கிறார்கள். "பழைய கண்ணாடிச் சீட்டு இருக்கிறது, அதைப் பார்த்து வைத்துவிடுங்கள்" என்று எந்தப் பேரனாவது சொல்லுவானா? பாட்டிக்கு லென்ஸ் கண்ணுக்குள்ளே. பேத்திக்குக் கண்ணின் மேலே. பாட்டியின் கண்ணுக்கு அளவு வேண்டும், பேத்தியின் கண்ணுக்கு வேண்டாம் என்பது என்ன நியாயம்?

இந்தப் பகுதியில் இருந்துகொண்டு நாம் அலட்சியமாக இருப்பது இன்னும் மோசம். 1985இல் பிரிக்கப்படும் வரை திண்டுக்கல் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த மதுரை மாவட்டத்தைப் பற்றி 1996இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்று அது கணக்கிட்டது. அமெரிக்காவில் மினசோட்டா மாகாணத்தின் ஒரு பகுதியில் எடுத்த கணக்கு 11. பத்து மடங்கு! நம் கணக்கில் வந்தவர்களில் பெரும்பாலோர் லென்ஸ் போட்டவர்கள் அல்லர். கதிரடிக்கையில் நெல் உமி பட்டவர்கள், முள் கீறியவர்கள், தூசி விழுந்து கசக்கியவர்கள். ஏழை உழவர்கள். 1994இல் மதுரையில் வந்த நோயாளிகளைச் சோதித்தபோது, கிருமி கண்டறியப்பட்ட புண்களில் ஏறத்தாழப் பாதி பூஞ்சையால் வந்தவை என்று தெரிந்தது. அதில் முதல் இடம் ஃபுசேரியம் என்ற பூஞ்சைக்கு. மண்ணிலும் செடியிலும் வாழ்கிற ஜந்து அது. அதாவது, நாம் மூச்சு விடுகிற இந்தத் தூசியிலேயே அது இருக்கிறது. உள்ளே நுழைய ஒரு கீறலுக்காகக் காத்திருக்கிறது. பொருந்தாத லென்ஸ் அந்தக் கீறலைப் பட்டணத்துப் பெண்ணுக்கும் உண்டாக்கிக் கொடுத்துவிடும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இதே ஃபுசேரியம் 2006இல் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் அமெரிக்காவிலும் லென்ஸ் அணிந்தவர்களின் கண்ணைத் தாக்கியது. பாஷ் அண்ட் லாம்ப் கம்பெனி தன் லென்ஸ் திரவங்களில் ஒன்றை அந்த ஆண்டு மே மாதத்தில் உலகம் முழுவதிலிருந்தும் திரும்ப எடுத்துக்கொண்டது. அவை நம்மைவிடச் சுத்தத்துக்குப் பெயர்போன ஊர்கள்.

ஆகவேதான் லென்ஸ் பரிசோதனையில் பாதி நேரம் பாடம் நடத்துவதாக இருக்கிறது. கண்ணாடி டாக்டர் உங்களுக்குக் கண்ணாடி மாட்டக் கற்றுக்கொடுப்பதில்லை. லென்ஸ் வைக்கிறவர் கையைக் கழுவி ஈரம் போகத் துடைப்பதிலிருந்து தொடங்கி, எடுக்கவும் வைக்கவும் தம் எதிரிலேயே செய்து காட்டச் சொல்ல வேண்டும். தெரியாதவருக்கு லென்ஸைக் கையில் கொடுத்து அனுப்பக் கூடாது. தண்ணீர் படக் கூடாது என்று சொல்ல வேண்டும். இது நம் ஊரில் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம். நாலு நாளைக்கு ஒரு முறை வருகிற தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்துப் புழங்குகிறவர்கள் நாம். டப்பாவில் திரவம் தீர்ந்துபோனால், "காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தானே" என்று ஊற்றி வைப்பவர்களை எனக்குத் தெரியும். ஆத்தூர் அணைத் தண்ணீரானாலும் காவிரித் தண்ணீரானாலும் பில்டர் தண்ணீரானாலும் லென்ஸுக்கு ஆகாது. அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் தண்ணீரில் இருக்கிறது. கருவிழியில் அது குடியேறிவிட்டால் மாதக் கணக்கில் வைத்தியம். வலியோ சொல்லி முடியாது. லென்ஸோடு தூங்கக் கூடாது, மாத லென்ஸை மாதம் முடிந்ததும் எறிந்துவிட வேண்டும், கண் சிவந்தால் முதலில் லென்ஸைக் கழற்ற வேண்டும்... கண்ணாடிச் சீட்டின் பின்பக்கத்தில் இதெல்லாம் அச்சிட்டிருக்கிறதா?

என் தங்கை மகளை மதுரைக்கு அழைத்துப் போனேன். சுமார் 65 கிலோமீட்டர் தூரம். ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி உலகப் பிரசித்தி பெற்றுவிட்ட ஊர் மதுரை; அங்கே கண்ணை அளக்க ஆள் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. நான் மேலே எழுதிய அத்தனையும் நடந்தது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முடிவில் அந்த ஆப்டோமெட்ரிஸ்ட் பெண் சொன்னாள்: "இப்போ வேண்டாம்மா. கண்ணீர் சீக்கிரமா காய்ஞ்சு போகுது. இமை ஓரத்துல கொஞ்சம் அழற்சியும் இருக்கு. மருந்து போட்டுட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க, பார்க்கலாம்."

இரண்டு பரிசோதனைக்கும் உள்ள வித்தியாசம் எல்லாவற்றிலும் பெரியது இதுதான் என்று எனக்கு அப்போது பட்டது. கண்ணாடிப் பரிசோதனை 'வேண்டாம்' என்று சொல்லி அறியாது. எந்தக் கண்ணுக்கும் ஏதோ ஒரு பவர் எழுதிக் கொடுக்கும்; ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று எழுதும். லென்ஸ் பரிசோதனைக்கு மறுக்கிற அதிகாரம் உண்டு. வியாபாரிக்கு அது பிடிக்காமல் இருப்பதில் என்ன ஆச்சரியம்? சரக்கை விற்க வந்தவன், விற்காதே என்று சொல்லக் கூடிய ஒருவரைக் காசு கொடுத்து வாசலில் உட்கார வைப்பானா? (பெண் கண்ணாடியோடுதான் மணவறையில் உட்கார்ந்தாள். புகைப்படக்காரர் சற்று முணுமுணுத்தார். வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.)

பவர் வைத்த லென்ஸாவது கண்ணாடிக் கடையில் விற்கிறது. நிற லென்ஸ் இருக்கிறதே, அதற்கு அந்த வெட்கமும் இல்லை. அழகு நிலையத்தில் சந்தன வர்ணம், பச்சை வர்ணம், சாம்பல் வர்ணம் என்று வைத்திருக்கிறார்கள். பவர் பூஜ்யம், ஆகவே பரிசோதனையும் பூஜ்யம் என்பது அவர்களுடைய தர்க்கம். பவர் இல்லாத லென்ஸ் கருவிழியை மூடாதா? பிராணவாயுவை மறிக்காதா? ஒரே ஜோடியை ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கும் அடுத்த கல்யாணத்தில் இன்னொருத்திக்கும் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, எச்சில் டம்ளரில் காப்பி குடிக்க மறுக்கிற நம் சமூகத்தின் ஆசாரத்தை நினைத்துக்கொண்டேன். அமெரிக்காவில் 2005இலேயே சட்டம் செய்து, அலங்கார லென்ஸும் மருத்துவச் சாதனந்தான், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"இதெல்லாம் டாக்டர்களும் ஆஸ்பத்திரிகளும் இரண்டு தரம் பீஸ் வாங்குகிற தந்திரம் ஸார்" என்று என் நண்பர் ஒருவர் வாதிக்கிறார். மண்டியில் கணக்கு எழுதுகிறவர். எதையும் இரண்டு தரம் கூட்டிப் பார்க்கிறவர். கண்ணுக்கு மட்டும் ஒரு தரம் போதும் என்கிறார். இரண்டு வேலைக்கு இரண்டு கூலி என்பதில் தந்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் அவருடைய சந்தேகத்தில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன். சில இடங்களில் அளவெல்லாம் எடுத்துவிட்டு, அதை எழுதிக் கொடுக்க மறுக்கிறார்கள். "இங்கேயே வாங்கிக்குங்க" என்று மட்டும் சொல்லுகிறார்கள். இது இன்னொரு வகை அக்கிரமம். கூலி கொடுத்து எடுத்த அளவு கண்ணுக்கு உடையவருக்குச் சொந்தம். அமெரிக்கச் சட்டம் 2003இல் இதையும் தீர்த்து வைத்தது: அளந்து முடித்ததும், கேட்காமலே, லென்ஸ் சீட்டை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட வேண்டும். நம் நாட்டிலும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஆப்டோமெட்ரிஸ்டை ஒரு தொழில் வல்லுநராக அங்கீகரித்திருக்கிறது. சட்டம் கடைத்தெருவுக்கு நடந்து வந்து சேருகிற வரையில், கேட்டு வாங்குகிற பொறுப்பு நம்முடையது.

மதுரையில் பெண்ணுக்கு 'வேண்டாம்' என்று சொன்னவர்களும் அன்றைக்கு எடுத்த அளவுகளை ஒரு காகிதத்தில் எழுதித்தான் கொடுத்தார்கள். கண்ணாடிச் சீட்டில் பவர் இருக்கும்; சாய்வுக் கோணம் இருக்கும்; அவ்வளவுதான். லென்ஸ் சீட்டில் லென்ஸுக்கென்று திருத்திய பவர், வளைவு இத்தனை மில்லிமீட்டர், விட்டம் இத்தனை மில்லிமீட்டர், எந்தக் கம்பெனியின் எந்த லென்ஸ், எத்தனை நாளைக்கு ஒரு முறை மாற்றுவது, சீட்டு எந்தத் தேதியோடு காலாவதி என்பதெல்லாம் இருக்க வேண்டும். இவற்றில் வளைவு என்ற இடம் காலியாக இருந்தால் கண்ணை யாரும் அளக்கவில்லை என்று பொருள். பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.